மிஷின் தரகரின் பழைய பிரதி

ஜூலை 22, திங்கள்

தாம்பூலம் திருமணத் தகவல் மையத்தில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். யாராவது செயலியில் ஒரு பதிவு எண்ணை அனுப்பினால், அந்த எண்ணுக்குரிய ஜாதகத்தைப் பிடிஎப் கோப்பாகத் திருப்பி அனுப்பும் சாட்பாட் ஒன்றை எழுதித் தர வேண்டும். சென்னையில் எட்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு இதையேதான் செய்தேன். அங்கே வாழ்க்கை முடிந்தவர்களின் தாள்கள், இங்கே தொடங்கப் போகிறவர்களின் தாள்கள். கோப்பின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

மையம் தென்காசியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. உரிமையாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி. ஆடி மாதம், கல்யாணப் பேச்சு கிடையாது; ஆகவே வாடிக்கையாளரும் கிடையாது. சாரலில் ஜாதகங்கள் நமத்துப்போயிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய ஆவுடைச்செல்வி என்று ஒருவர் இருக்கிறார்.

"ஆவணி ஒண்ணாந்தேதி தொடங்கிரணும்வே. எதிர்ச் சந்துக்காரன் காதுக்கு ஒரு வார்த்தை போயிரக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

எதிர்ச் சந்தில் அவருடைய மைத்துனர் இன்னொரு தகவல் மையம் நடத்துகிறார். அண்ணாச்சியைப் பொறுத்தவரை உலகச் செய்திகள் இரண்டு வகை: எதிர்ச் சந்துக்குத் தெரிந்தவை, தெரியாதவை.

ஆவுடைச்செல்வி என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "எட்டு வருஷம் மெட்ராஸ்ல இருந்துட்டு ஏன் சார் வந்துட்டிய?"

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்."

"ரெண்டு கண்ணும் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சுன்னு உங்க அம்மை சொன்னாவளே."

அம்மா இங்கே எதற்கு வந்தாள் என்று கேட்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 27, சனி

சாட்பாட்டுக்கு அண்ணாச்சி விதித்த நிபந்தனைகள்.

ஜாதகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் நான்கு மஞ்சள் பொட்டுகள். முதலில் வைத்த மஞ்சள், எதிர்ச் சந்துக்காரன் பலகையின் மஞ்சளைப் போல இருக்கிறதாம். மாற்றினேன்.

ராகுகாலத்தில் எந்தக் கோப்பும் போகக் கூடாது. கேட்டால், "சற்றுப் பொறுக்கவும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அஷ்டமி, நவமி முழு விடுமுறை. சந்திராஷ்டமம் மட்டும் வேண்டாம் என்று மன்றாடி விலக்கு வாங்கினேன்.

முதல் நாள் நிரல் முழுவதையும் பென் டிரைவில் போட்டுப் பிள்ளையார் காலடியில் வைக்க வேண்டும். இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை.

சாட்பாட்டுக்கு அண்ணாச்சி வைத்திருக்கும் பெயர் மிஷின் தரகர். "அவரு கமிஷன் கேக்க மாட்டாரு, காப்பி கேக்க மாட்டாரு, பொண்ணு வீட்ல போயி மாப்பிள்ளையப் பத்திக் கூட ரெண்டு வார்த்த பேச மாட்டாரு. உத்தமருவே."

ஜூலை 30, செவ்வாய்

சோதிக்க ஒரு மாதிரிக் கோப்பு தேவைப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுத்தேன்: 417. எல்லாச் சோதனைகளுக்கும் இனி இதுவே. சோதனையில் ஒரே கோப்பைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

பின்னால் மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். ஒரு கோப்பை முதல் தடவை அனுப்பும்போதுதான் அது நம் கணினியிலிருந்து மேலே ஏறுகிறது. செயலியின் சர்வர் அதற்கு ஓர் அடையாளம் தருகிறது. அடுத்த தடவை கோப்பை அனுப்ப வேண்டியதில்லை. அந்த அடையாளத்தைச் சொன்னால் போதும், சர்வரே தன்னிடமுள்ள பிரதியை எடுத்துக் கொடுத்துவிடும். வேகம் பத்து மடங்கு. அடையாளங்களை ஒரு பட்டியலில் சேமித்து வைக்கும்படி எழுதிவிட்டேன். நேர்த்தியான வேலை என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். மையத்தின் கோப்புறையில் 902-ஆம் எண் என் பெயரில் இருக்கிறது. பிறவிப்பெருமாள், வயது முப்பத்தாறு, "நல்ல குணம்." இந்தக் கடைசித் தகவலை யார் கொடுத்தார்கள் என்று தெரிகிறது. ஜாதகத்தைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

மொத்தம் 1,146 கோப்புகள். எல்லாவற்றையும் என் கைப்பேசிக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன். எல்லாம் சர்வருக்கு ஏறிவிட்டன.

ஆகஸ்ட் 15, வியாழன்

சந்தேகம்.

வியாழன்தோறும் மாலை ஜோசியர் பூதத்தான் வருகிறார். அண்ணாச்சியும் அவரும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆவுடைச்செல்வியிடம் சில தாள்கள் வருகின்றன. அவள் அவற்றை ஸ்கேன் செய்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் தாள்களைக் கவிழ்த்து வைக்கிறாள்.

"புது ஜாதகமா?"

"பழசுதான் சார். சரியா வரல, திரும்ப எடுக்கேன்."

ஏற்கெனவே மிகத் தெளிவாக ஸ்கேன் ஆனவற்றை ஏன் திரும்ப எடுக்க வேண்டும்? அண்ணாச்சி சொல்வதில் பொருள் இருக்கலாம். எதிர்ச் சந்துக்கு இங்கிருந்து ஏதோ போகிறது. இவளைக் கண்காணிப்பது என் தொழில் கடமை.

கவனித்தவை: காலை 9.20-க்கு வருகிறாள். ஸ்கேனர் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைக்கிறாள், அலுவலகத் துணி இருந்தும். குண்டூசியை உதட்டில் வைத்துக்கொண்டே பேசுகிறாள். மாலை 5.40-க்குச் சுரண்டைப் பேருந்து. ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கிறாள். எல்லாமே சந்தேகத்துக்கு இடமானவை.

ஆகஸ்ட் 17, சனி. ஆவணி 1

மிஷின் தரகர் பணியைத் தொடங்கினார். ராகுகாலம் முடிந்து 10.31-க்கு முதல் கோப்பு போனது. பிள்ளையாருக்குத் தேங்காய். பென் டிரைவில் சந்தனம் ஏறிவிட்டது. இனி எந்தக் கணினியிலும் நுழையாது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எந்தக் கோப்பு எத்தனை தடவை போயிருக்கிறது என்று அண்ணாச்சி அறிக்கை கேட்டார். கொடுத்த பிறகுதான் கவனித்தேன்.

"நானூத்திப் பதினேழு, அறுவத்தொரு தடவையா? எவன்வே இது?"

சோதனை என்று சொல்ல வாய் திறந்தேன்.

"நானூத்திப் பதினேழு நம்ம ஆவுடைலா!" என்றார்.

அப்படியா என்றேன். எனக்கு அது ஒரு எண் மட்டுமே.

"அந்தப் பிள்ளைக்கு இப்பத்தான் ஒரு எடம் கூடி வருது. எவனோ நோட்டம் பாக்கான். எதிர்ச் சந்துப் பயலாத்தான் இருக்கும். யாருன்னு கண்டுபிடிச்சிச் சொல்லும்."

ஒப்புக்கொண்டேன். விசாரணை நடைபெற்று வருகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஜோசியர் வந்து போனார். கோப்புறையில் தேதிகளைச் சரிபார்த்தேன். போன வியாழனும் இன்றும் சேர்த்துப் பதினேழு ஜாதகங்கள் புதிதாக மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அதில் 417 இருக்கிறது. 902-உம் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். கண்ணில் மருந்து விட்டிருப்பதாகவும் இப்போது பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.

சங்கரன்கோவிலில் ஒரு குடும்பம். பையன் ஓசூரில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான். பெண்ணைக் கோவிலில் வைத்துப் பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. ஒரே நிபந்தனை, பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கக் கூடாது. ஜாதகம் பொருந்தினால் ஆவணிக்குள் நிச்சயம், ஐப்பசியில் கல்யாணம், பிறகு ஓசூர். இதையெல்லாம் அண்ணாச்சி தானாகச் சொன்னார். நான் விவரம் கேட்டது விசாரணைக்காக.

"ஆவுடைக்கு முப்பத்திமூணு ஆச்சுவே. அண்ணன் வீட்ல அண்ணிக்கு வேலைக்காரியாட்டம் கெடக்கா. இது கூடிரும். நான் பாத்துக் குடுக்கேன்ல."

ஓசூர் இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். சும்மா பார்த்தேன்.

மதியம் கோதுமை திரிக்கக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

சோதனைக்காக 417-ஐக் கேட்டேன். வந்தது. கோப்புறையில் உள்ள 417-ஐயும் திறந்தேன். இரண்டும் ஒன்றல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டையும் அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டர் வழக்கம்போல் மென்று துப்பி ஒன்றைத்தான் தந்தது. மற்றது எங்கே போனதென்று தெரியவில்லை. திரையிலேயே பார்த்தேன்.

மிஷின் தரகர் அனுப்பியதில் பிறந்த நேரம் காலை 6.52. எட்டாம் வீட்டில் செவ்வாய். கோப்புறையில் உள்ளதில் நேரம் 6.41. லக்னம் ஒரு கட்டம் பின்னால் போய்விட்டது. செவ்வாய் அசையாமல் அதே இடத்தில்தான் நிற்கிறார். ஆனால் அது இப்போது ஒன்பதாம் வீடு. தோஷம் இல்லை. பதினொரு நிமிடம் முன்கூட்டிப் பிறந்ததில் ஒரு பெண்ணின் தலையெழுத்தே திருந்திவிட்டது.

ஆக, எதிர்ச் சந்துக்கு எதுவும் போகவில்லை. வியாழக்கிழமைகளில் இங்கே நடப்பது பிறந்த நேரத் திருத்தம். அதை ஸ்கேன் செய்து உள்ளே வைப்பவள், அந்த ஜாதகத்துக்கே உரியவள். தன் ஜாதகத்தைத் தானே கூசாமல் மாற்றி வைத்திருக்கிறாள். அவ்வளவு அவசரம் ஓசூருக்கு.

என் நிரலிலும் பிழை இருக்கிறது. கோப்பு மாறினால் பழைய அடையாளத்தை அழிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. யார் கேட்டாலும் ஆகஸ்ட் 10 அன்று ஏறிய பழைய பிரதியே போய்க்கொண்டிருக்கிறது. இந்த அலுவலகத்தில் பொய் சொல்லத் தெரியாதது என் பிழை ஒன்றுதான்.

திருத்த மூன்று வரி போதும். திங்கட்கிழமை செய்துவிடலாம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அஷ்டமி. தரகருக்கு விடுமுறை. விடுமுறையில் இருப்பவரைத் தொந்தரவு செய்வது முறையல்ல.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நவமி.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டு நாளாகத் தேங்கியிருந்த 212 கோப்புகள் காலை ஆறு மணிக்கு ஒரே மூச்சில் போயின. தாலுகா முழுக்கக் கைப்பேசிகள் ஒலித்திருக்கும். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிழையைத் திருத்த உட்கார்ந்தேன். மின்சாரம் போய்விட்டது. வந்தபோது ராகுகாலம். ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அலுவலக ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

வேறொரு சந்தேகம். பெயர் போடாத ஒரு கணக்கிலிருந்து 902-ஐப் பதினான்கு தடவை கேட்டிருக்கிறார்கள். என் ஜாதகத்தைப் பதினான்கு தடவை யார் கேட்பார்கள்? ஒரு தடவை கேட்டாலே அதிகம். நிச்சயம் மோசடி. இந்தக் கணக்கு தினமும் காலை 9.25 வாக்கில் 417-ஐயும் கேட்கிறது. எதிர்ச் சந்து இரண்டு பக்கமும் நோட்டம் விடுகிறது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அம்மாவும் என்னைப் பார்த்து அதையே கேட்டாள்.

பிழை திருத்தப்படவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாலை 4.12. சங்கரன்கோவில் எண் ஒன்று 417-ஐக் கேட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பு போக மூன்று நொடி ஆகிறது. மூன்று நொடியில் தரகரை நிறுத்திவிடலாம். கை எட்டும் தூரத்தில்தான் விசைப்பலகை இருந்தது.

போய்விட்டது. நான்கு மூலையிலும் மஞ்சளோடு.

திரும்பிப் பார்த்தேன். ஆவுடைச்செல்வி குண்டூசியை உதட்டில் வைத்தபடி என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 5.40 பேருந்துக்குக் கிளம்பிப் போனாள்.

வீட்டில் இட்லி. சாப்பிடத் தோன்றவில்லை. மாவு புளித்திருந்தது காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 2, திங்கள்

சங்கரன்கோவிலில் இருந்து அண்ணாச்சிக்குத் தொலைபேசி வந்தது. "பொருத்தமில்ல, மன்னிச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தார். "நான் பாத்துக் குடுத்தது எப்படிப் பொருந்தாமப் போவும்?"

ஆவுடைச்செல்வி தொடர்ந்து ஸ்கேன் செய்தாள். இன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

அண்ணாச்சி என்னை உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"உள்ளதச் சொல்லும். நீரு எதிர்ச் சந்து ஆளா?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன எப்படிவே சங்கரன்கோயில்காரன் கையில ஆறு அம்பத்திரண்டு போச்சு? நான் உள்ள வச்சது ஆறு நாப்பத்தொண்ணு."

பிழையை விளக்கினேன். தரகர் முதலில் வாங்கிக்கொண்ட பிரதியையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறார். பின்னால் மாற்றியது அவருக்குத் தெரியாது.

"அப்ப ஆவணி பூரா பழசுதான் போயிருக்கா?"

"ஆமா."

"பதினேழு பேருக்கும்?"

"ஆமா."

நாற்காலியில் சரிந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் பொய் ஜாதகம் எழுதுதேன்னு நினைக்கீரு. ஆறு அம்பத்திரண்டுன்னு எவன்வே பாத்தான்? நர்சம்மா பிள்ளைய எடுத்து, தொடச்சு, துணி சுத்தி, பெறவு செவத்தப் பாத்திருப்பா. அந்தக் கடிகாரத்துக்கு யாரு சாவி குடுத்தா? அது சரியா ஓடுச்சா? அந்தப் பதினோரு நிமிஷத்துக்காவ ஒருத்தி ஆயுசு பூரா அண்ணன் வீட்ல சோறு பொங்கணுமா? நான் ஜாதகத்தத் திருத்தலவே. கடிகாரத்தத் திருத்துதேன். பதினாறு வீட்லயும் வந்து கேட்டுத்தான் செஞ்சேன். உங்க அம்மையும் கேட்டாவ."

"பதினேழாவது வீடு?"

"ஆவுடையோட அண்ணன் வந்து கேட்டான். போதாதா?"

நான் படித்த தருக்க நூல்களில் இவருக்குப் பதில் இருக்கக்கூடும். அப்போது எந்த நூலும் கையில் இல்லை.

"வள்ளியூர்ல ஒரு பொண்ணுக்கும் நின்னு போச்சு, தெரியுமா? ஏன்னு வெளங்காம முழிச்சேன். இதுதானா? எத்தனை நாளா தெரியும்வே உமக்கு?"

"இன்னைக்குத்தான் பாத்தேன் அண்ணாச்சி."

ஆகஸ்ட் 24-ஆம் தேதிக் குறிப்பு மேலே இருக்கிறது. பதினொரு நிமிடம் நகர்த்தியதற்காக ஒருவரை மனத்துக்குள் விசாரித்துக்கொண்டிருந்த நான், பத்து நாளை நகர்த்தினேன். வள்ளியூர்ப் பெண்ணின் எண் என்ன என்று பார்த்தேன்: 688. அந்தக் கோப்பு போனது 31-ஆம் தேதி.

வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்வதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 4, புதன்

நண்பகல். ராகுகாலம், தரகர் மௌனம். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். ஆவுடைச்செல்வி என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தாள். கசங்கி, நீவி நேராக்கப்பட்ட தாள். 417, காலை 6.52.

"உங்க பேப்பர்தானே சார்? பிரிண்டருக்குப் பின்னால கெடந்துச்சு. அடியில தேதி அடிச்சிருக்கு பாருங்க. ஆகஸ்டு இருவத்திநாலு, மூணு பதினாறு."

பார்த்தேன்.

"அண்ணாச்சிகிட்ட நேத்துதான் தெரியும்னு சொல்லியிருக்கிய."

"சோதிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அறுவத்தொரு தடவையா?"

அறிக்கையை அவளும் பார்த்திருக்கிறாள். விசாரணை முடிவுக்கு வந்ததாகக் கருதலாம். குற்றவாளி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆனாலும் என் தரப்பில் ஒரு வாதம் மிச்சமிருந்தது.

"நீங்க மட்டும்? உங்க ஜாதகத்த நீங்களே மாத்தி வச்சிருக்கீங்க."

அவள் குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்துக் குண்டூசி டப்பாவில் போட்டாள்.

"நானா மாத்தினேன்? எங்கண்ணனும் அண்ணாச்சியும் சேந்து மாத்தினாவ. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஸ்கேன் பண்ணுததுக்கு மட்டும் என் கையிலயே குடுத்தாவ. நீங்க எட்டிப் பாக்கும்போது கவுத்தி வைப்பேன்லா, எதுக்குன்னு நெனச்சிய? வெக்கக்கேடு சார்."

கசங்கிய தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

"ஒவ்வொண்ணும் மாத்தி வச்ச பெறவு போன்ல கேட்டுப் பாப்பேன், சரியா வருதான்னு. வேலைன்னா அப்படித்தானே செய்யணும். பழசுதான் வந்துச்சு. ஆவணி ஆறாந்தேதியே தெரியும் எனக்கு. சொல்லல."

"ஏன்?"

"சங்கரன்கோயில்காரவுக பேப்பராத்தான் கேட்டாவ. நான்தான், மிஷின் தரகர்ட்ட கேளுங்க, ஒடனே வந்துரும்னு நம்பர் குடுத்தேன். அந்த வீட்ல போயி ஒக்காந்துக்கிட்டு, யாருக்கோ ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எனக்குப் பதினோரு நிமிஷந்தான் சார் ஞாபகம் வரும். அதுக்கு அண்ணன் வீட்ல சோறு பொங்கிட்டுப் போறேன்."

ஐந்து நாள் இட்லியை இறங்கவிடாமல் செய்த குற்றம் இவ்வாறு என்னைவிட்டுப் போனது. எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு கவனமாக ஒரு குற்றத்தைச் செய்த பிறகு, அது தேவையே இல்லை என்று தெரிவது எந்தக் குற்றவாளிக்கும் மரியாதைக் குறைவு. ஆனால் 688 போகவில்லை. அது அப்படியே இருக்கிறது.

"தெனமும் காலைல வந்ததும் மொத வேலை, நானூத்திப் பதினேழு கேட்டுப் பாப்பேன். நீங்க சரி பண்ணிருவியளோன்னு பயம். பழசே வரும். சரி, இன்னைக்கும் தப்பிச்சோம்னு நெனச்சிக்கிடுவேன். நீங்க எதுக்கு சார் சரி பண்ணல?"

"அம்மாவுக்குக் கண்..."

"சார்."

நிறுத்தினேன். சாரல் ஜன்னல் வழியே தாள்களில் விழுந்தது. அவள் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வள்ளியூர்ப் பிள்ள பாவம். அவா வீட்ல அவளே வந்து கேட்டுத்தான் மாத்தினா. அத நாம ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்தோம். மத்தவங்களோடத எல்லாம் சரி பண்ணிருங்க. என்னோடத மட்டும் தொடாதிய."

சரி என்றேன்.

"தொள்ளாயிரத்தி ரெண்டும் பழசுல எட்டுல செவ்வாய்தான். பாத்தியளா?"

"பாக்கல. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல."

"எனக்கும்தான் இல்ல. பதினாலு தடவ பாத்தேன்."

1.30-க்கு ராகுகாலம் முடிந்தது. தேங்கியிருந்த கோப்புகளைத் தரகர் அனுப்பத் தொடங்கினார். இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

செப்டம்பர் 5, வியாழன்

அம்மாவிடம் நான் பிறந்த நேரத்தைக் கேட்டேன்.

"ஏல, எனக்கு எப்படித் தெரியும்? நான் மயக்கத்துல கெடந்தேன். உங்கப்பா ஒரு நேரம் எழுதினாரு. அத வச்சிக்கிட்டு முப்பத்தாறு வரைக்கும் என்னத்தக் கண்டோம்? அண்ணாச்சிட்ட சொல்லி வேற ஒண்ணு எழுதினேன்."

"பழசே இருக்கட்டும்மா."

"அதுல செவ்வாய் இருக்கேல. செவ்வாய் உள்ள பொண்ணாத்தான் பாக்கணும். அதுக்கு எங்க போவேன்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பார்வை மிகவும் கூர்மையாகிவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

முதலில் வள்ளியூருக்குப் பேசினேன். 31-ஆம் தேதி போன கோப்பு எங்கள் பக்கத்துத் தவறு, மாப்பிள்ளை வீட்டில் சரியான பிரதியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். சரியான பிரதி என்ற சொல்லை எச்சில் விழுங்காமல் சொன்னேன். பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்தப் பெண்தான் பேசினாள். பார்ப்பார்களா என்று தெரியாது.

பிறகு அண்ணாச்சியின் முன்னிலையில் பிழை திருத்தப்பட்டது. மூன்று வரி. கோப்பு மாறினால் பழைய அடையாளம் அழியும். ராகுகாலம் முடிந்ததும் தென்காசி வட்டாரத்தில் பதினைந்து பேருக்குச் செவ்வாய் வீடு மாறினார்.

"பதினேழுலா இருக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு விதிவிலக்கு அண்ணாச்சி. சம்பந்தப்பட்டவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

இரண்டு கடிதங்களையும் அவர் முன் வைத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆவுடைச்செல்வியைப் பார்த்தார். அவள் ஸ்கேனர் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுவத்தொரு தடவ கேட்டவன் யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லலையேவே."

"விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு அண்ணாச்சி."

"நடக்கட்டும், நடக்கட்டும். எதிர்ச் சந்துக்குத் தெரியுமுன்ன முடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்து இந்த நிரலைத் தொடப்போகிறவருக்காக நான்காவதாக ஒரு வரி சேர்த்து, அதன்மேல் குறிப்பும் எழுதியிருக்கிறேன்: "417, 902: எப்போதும் பழைய பிரதியே போகும். இது பிழை அல்ல. திருத்த வேண்டாம்."

செப்டம்பர் 7, சனி. பிள்ளையார் சதுர்த்தி

வீட்டில் கொழுக்கட்டை. நேற்று மாலை அண்ணாச்சி அம்மாவுக்குப் போன் செய்தாராம். காலை 10.31-க்கு, அதாவது ராகுகாலம் முடிந்த மறு நிமிடம், ஒரு புதிய எண் மிஷின் தரகரிடம் 417-ஐக் கேட்டிருக்கிறது. அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார்கள், அரிசி மாவு ஒட்டிய அம்மாவின் கைப்பேசி இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை.